"கையை விடும்மா, பசங்க பாக்குறாங்க!"

குழந்தைகள் வெளியிடத்தில் அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதை எந்த வயதில் நிறுத்துவார்கள் என்று கேட்பவர்கள் ஏழு, எட்டு, பத்து என்று ஏதாவது ஓர் எண்ணை எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஒற்றை எண் கிடையாது. அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நம் கை வேண்டாம் என்று குழந்தைக்கு எப்போது தோன்றுகிறது என்பது ஒன்று, நாம் கையை விட்டால் அதற்கு எப்போது அடிபடாது என்பது இன்னொன்று. முதலாவது எட்டு ஒன்பது வயதிலேயே தலைகாட்டிவிடும். இரண்டாவது, நம் ஊர் ரோடுகளில், பன்னிரண்டு பதிமூன்று வயதுக்கு முன்னால் வராது. நடுவில் கிடக்கும் அந்த நான்கைந்து வருடத்தில்தான் வீட்டுக்கு வீடு இழுபறி.

முதலில் கைபிடிப்பது எதற்கு என்று பார்த்துவிடலாம். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். 'பாரு, என்னை விட மாட்டேங்குது' என்று பாட்டிகள் நெகிழ்ந்துபோவார்கள். உண்மையில் அது யார் விரலை வைத்தாலும் நடக்கும், பிறவியிலேயே வருகிற அனிச்சைச் செயல், ஐந்தாறு மாதத்தில் மறைந்துவிடும். (பாட்டியிடம் இதைச் சொல்லாதீர்கள்.) அப்புறம் ஒரு வயதையொட்டி நடக்கத் தொடங்கும்போது நம் கை அதற்கு விழாமல் நிற்க உதவும் ஒரு பிடிமானம், அவ்வளவுதான். ஒன்றரை இரண்டு வயதில் கால் உறுதியானதும் பிடிமானம் தேவைப்படாது. கையை உதறிக்கொண்டு ஓடும். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் மனித வளர்ச்சியைப் படிகளாகப் பிரித்தபோது, ஏறக்குறைய ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையிலான காலத்துக்குத் தன்னிச்சையாகச் செயல்படும் துடிப்பைத்தான் அடையாளமாகச் சொன்னார். நம் வீடுகளில் 'நானே, நானே' என்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிற காலம். ஆக, பிள்ளை முதன்முதலாகக் கையை விடுவது பத்து வயதில் இல்லை, இரண்டு வயதில். அப்போது யாரும் வருத்தப்படுவதில்லை, துரத்திப் பிடிக்கவே நேரம் சரியாக இருக்கும்.

அந்த வயதில் உதறுவதற்கு உடம்பு சார்ந்த காரணமும் ஒன்று உண்டு. இரண்டு வயதுக் குழந்தை நம் கையைப் பிடிக்க வேண்டுமானால் அதன் கை தோளுக்கு மேலே தூக்கியபடியே இருக்க வேண்டும். கூட்டமான பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றால் நமக்கு எப்படி இருக்குமோ, மார்க்கெட்டைச் சுற்றி வரும் குழந்தைக்கு அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நேரம் இந்தக் கை, கொஞ்ச நேரம் அந்தக் கை என்று மாற்றினாலே பாதி அழுகை குறையும். சேலை கட்டிய காலத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டே பிள்ளைகள் வளர்ந்தார்கள், கை தாழ்வாக இருந்தது, வலிக்கவில்லை. இப்போது துப்பட்டா, கைப்பையின் வார், அப்பாவின் சட்டை நுனி. கடைக்குள்ளேயோ பூங்காவிலோ இதெல்லாம் தாராளமாகப் போதும். ரோட்டில் போதாது.

ஏன் போதாது என்றால், பிடிப்பது யார் என்பதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நம் சுண்டுவிரலை குழந்தை பிடித்திருந்தால், எப்போது விடுவது என்ற முடிவு அதனிடம் இருக்கிறது. எதிரே பலூன்காரரைப் பார்த்ததும் விரல் தானாக நழுவிவிடும். வண்டி ஓடுகிற இடத்தில் அந்த முடிவு நம்மிடம்தான் இருக்க வேண்டும். அதனால் உள்ளங்கையோடு சேர்த்து மணிக்கட்டையும் நம் விரல்களுக்குள் வைத்துப் பிடிக்க வேண்டும். வியர்வைக் கை வழுக்கும், மணிக்கட்டு அவ்வளவு சுலபமாக வழுக்காது. நடைபாதை இல்லாத ரோட்டில், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வலது ஓரமாக நடந்துபோனால், குழந்தை நமக்கு வலது பக்கம், அதாவது வண்டிகளுக்கு எட்டாத பக்கம் வர வேண்டும். அப்படியென்றால் காய்கறிப் பை இடது கைக்குப் போக வேண்டும். பார்த்தால் சின்ன விஷயம், ஆனால் ரோட்டோரம் நின்று கவனித்தால் பத்துப் பேரில் பாதிப்பேர் பையை ஓரத்திலும் பிள்ளையை வண்டிப் பக்கத்திலும் வைத்துக்கொண்டு நடப்பார்கள்.

பிடிப்பது வேறு, இழுத்துத் தூக்குவது வேறு. ஒன்றிலிருந்து நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு முழங்கை மூட்டைச் சுற்றியிருக்கும் தசைநார் இன்னும் தளர்வாக இருக்கும். நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்தால் அந்த நார் எலும்பின் தலைக்கு மேலே நழுவி மாட்டிக்கொள்ளும். அப்பா ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் கையைப் பிடித்து 'ஒன்னு, ரெண்டு, மூணு' என்று ஆகாயத்தில் ஆட்டுகிறோமே, அதிலும் இது நடக்கும். படிக்கட்டில் தடுக்கி விழப்போகிற பிள்ளையை ஒரு கையால் சுண்டி இழுக்கும்போதும் நடக்கும். வீக்கம் தெரியாது, குழந்தை அந்தக் கையை மட்டும் தொங்கப்போட்டுக்கொண்டு எதையும் எடுக்க மறுக்கும், தொட்டால் அழும். சுளுக்கு எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடாமல் டாக்டரிடம் போங்கள். தெரிந்தவர் கையில் சில நொடிகளில் சரியாகிவிடுகிற விஷயம், தெரியாதவர் எலும்பு முறிவைச் சுளுக்கு என்று நினைத்து நீவிவிட்டால் வேறு கதை ஆகிவிடும். ஐந்து வயதுக்கு மேல் நார் இறுகிவிடுவதால் இந்தத் தொல்லை அநேகமாக வராது.

ரோடு என்ன கேட்கிறது?

ஆறு வயதுப் பிள்ளையிடம் 'ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத் தாண்டு' என்று சொன்னால் அழகாக இரண்டு பக்கமும் தலையைத் திருப்பும். திரும்பிப் பார்த்ததை வைத்துக் கணக்குப் போடுவதுதான் அதற்கு வராது. தூரத்தில் வரும் வண்டியின் வேகத்தை நாம் எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்றால், கண்ணில் விழும் அதன் உருவம் எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறது என்பதை வைத்து. யாரும் சொல்லித்தராமல் வருகிற திறமை இது, ஆனால் மெதுவாக வருகிற திறமை. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் ஜான் வான் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளால் மணிக்கு ஏறக்குறைய 32 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக வரும் வண்டி நெருங்குவதைச் சரியாக உணர முடியவில்லை என்று தெரிந்தது. பெரியவர்களுக்கு இந்த எல்லை 80 கிலோமீட்டர் வாக்கில். வேகம் கூடக் கூட வண்டி தூரத்தில் சும்மா நிற்பது மாதிரி பிள்ளைக்குத் தோன்றும் என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம். நம் தெருக்களில் காலை எட்டரை மணிக்கு ஆபீஸுக்குப் பறக்கும் பைக் 32 கிலோமீட்டரிலா போகிறது?

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இன்னொரு வேலை செய்தார்கள். ஜோடி ப்ளூமெர்ட் என்ற பேராசிரியரின் குழு, பெரிய திரைகளில் ரோட்டைக் காட்டி, மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டரில் கார்கள் வரிசையாக வருவது மாதிரி அமைத்து, பிள்ளைகளைத் திரும்பத் திரும்பக் கடக்கச் சொன்னது. 2017-இல் வெளிவந்த முடிவுகள் இப்படி: ஆறு வயதுக்காரர்கள் கடந்த 100 தடவையில் 8 தடவை கார் 'மோதியது'. எட்டு வயதில் அது 6, பத்து வயதில் 5, பன்னிரண்டு வயதில் 2. பதினான்கு வயதில்தான் மோதல் இல்லாமல் போனது. காரணம் இன்னும் சுவாரசியம். பிள்ளைகள் மோசமான இடைவெளியைத் தேர்ந்தெடுக்கவில்லை, பெரியவர்கள் எந்த இடைவெளியில் நுழைந்தார்களோ ஏறக்குறைய அதே இடைவெளியில்தான் நுழைந்தார்கள். ஆனால் காலை எடுத்து வைக்கக் கொஞ்சம் தாமதித்தார்கள். பார்ப்பது, முடிவெடுப்பது, அடியெடுத்து வைப்பது எல்லாம் ஒன்றாகக் கூடி வர அவர்களுக்கு நேரம் பிடிக்கிறது. பன்னிரண்டு வயதுக்காரர்கள் கொஞ்சம் பெரிய இடைவெளிக்குக் காத்திருந்து அதைச் சமாளித்தார்கள். இதில் 5 என்பது சின்ன எண் மாதிரி தெரியலாம். தினமும் இரண்டு முறை ரோட்டைத் தாண்டுகிற பிள்ளைக்கு 100 தடவை என்பது இரண்டு மாதம்கூட இல்லை. அத்தனையும் ஒற்றை வரிசையில், ஒரே சீரான வேகத்தில், ஒரே திசையில் வரும் கார்கள் வேறு. ராங் சைடில் வருகிற பைக்கும், நடுவில் நின்று ஆள் ஏற்றுகிற ஷேர் ஆட்டோவும், ஹாரன் அடித்தால் எல்லாரும் விலகிவிடுவார்கள் என்று நம்பி வருகிற லாரியும் அந்தத் திரையில் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் பத்து வயது வரை தனியாக ரோட்டைக் கடக்க விட வேண்டாம் என்கிறது. அது அவர்கள் ஊர் ரோட்டுக்கு. நம் ஊருக்கு இரண்டு வருடம் கூட்டிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. பிள்ளைகளை மட்டும் திருத்தி இதைக் குறைக்க முடியாது. ஸ்வீடனில் ஸ்டினா சாண்டெல்ஸ் என்ற உளவியலாளர் 1960-களிலேயே சின்னப் பிள்ளைகள் ரோட்டில் என்ன செய்கிறார்கள் என்று பின்னாலேயே போய்ப் பார்த்து, போக்குவரத்துக்கு ஏற்றபடி குழந்தையை மாற்ற முடியாது, குழந்தைக்கு ஏற்றபடி போக்குவரத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று வாதாடினார். அந்த நாடு அதைக் காதில் வாங்கிக்கொண்டது. நாம் வாங்கிக்கொள்ளும் வரை மணிக்கட்டைப் பிடிக்க வேண்டியதுதான்.

உயரமும் ஒரு காரணம். ஓரத்தில் நிறுத்தியிருக்கும் காருக்குப் பின்னால் நிற்கிற ஆறு வயதுப் பிள்ளைக்கு ரோடு தெரியாது, ரோட்டில் வருகிறவருக்குப் பிள்ளை தெரியாது. கூடவே, கண்ணுக்குப் பிடித்ததைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோகிற வயது. அதனால் ஒன்றை மட்டும் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளை எதிர்ப்பக்கம் நிற்கும்போது இந்தப் பக்கத்திலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், கையசைக்காதீர்கள். ஸ்கூல் வேன் இறக்கிவிட்ட பிள்ளை எதிரே அம்மாவைப் பார்த்ததும் நேராக ஓடி வரும், வேனைத் தாண்டி என்ன வருகிறது என்று பார்க்காது. வேன் நிற்கிற பக்கம் நாம் போய் நின்றுகொள்வதுதான் வழி, மழை பெய்தாலும், குழம்பு அடுப்பில் இருந்தாலும்.

'நாங்கல்லாம் ஒண்ணாப்புலயே தனியா நடந்து போனோம்' என்று இந்த இடத்தில் யாராவது ஒரு பெரியப்பா சொல்வார். உண்மைதான், போனார்கள். இங்கிலாந்தில்கூட 1971-இல் ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள், 1990-இல் அது 9 சதவீதமாகிவிட்டது. மேயர் ஹில்மன் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் எடுத்த கணக்கு இது. பிள்ளைகள் மக்காகிவிடவில்லை, ரோடு மாறிவிட்டது. பெரியப்பா நடந்த ரோட்டில் மாட்டுவண்டியும் மணிக்கொரு பஸ்ஸும் போயிருக்கும்.

வெட்கம் எங்கிருந்து வருகிறது?

இனி அடுத்த பாதி. எங்கள் பகுதியில் ஒரு பள்ளிக்கூட கேட்டுக்குச் சற்று முன்னால் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. காலையில் அங்கே நின்றால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். எல்கேஜி பிள்ளைகள் கேட் வரைக்கும் அம்மா கையில் தொங்கிக்கொண்டு வருவார்கள், கேட்டைத் தாண்டியும் விடமாட்டார்கள். ஒன்றாம் இரண்டாம் வகுப்பு கேட் வரைக்கும் பிடிக்கும். நான்காம் வகுப்பு ஐந்தாம் வகுப்பு பையன்கள் ஜெராக்ஸ் கடை வந்ததும் பையின் வாரைச் சரிசெய்வார்கள், வார் சரியாகத்தான் இருக்கும், கையை எடுக்க ஒரு சாக்கு வேண்டும் அவ்வளவுதான். சரிசெய்து முடித்த கை திரும்ப அம்மாவிடம் போகாது. வாய்விட்டுச் சொல்கிற பிள்ளைகளும் உண்டு, இந்தக் கட்டுரையின் தலைப்பு அவர்களுடையது.

அந்தப் பையன் அம்மாவை வெறுத்துவிடவில்லை. ஏழு எட்டு வயதில் பிள்ளைகள் தங்களை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்குகிறார்கள். யார் வேகமாக ஓடுகிறார்கள், யார் பயப்படுகிறார்கள், யார் இன்னும் சின்னப் பாப்பா. கைபிடித்து நடப்பது அந்தப் பட்டியலில் சின்னப் பாப்பாவின் அடையாளமாகிவிடுகிறது. பதினொன்று பன்னிரண்டு வயதில் இது இன்னும் கூடும். டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்: அந்த வயதில் பிள்ளைகள் தங்களை எப்போதும் ஒரு கூட்டம் பார்த்துக்கொண்டே இருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். தனக்குத் தன் தோற்றம்தான் உலகத்திலேயே பெரிய விஷயமாக இருப்பதால், மற்றவர்களுக்கும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள். தியேட்டர் வாசலில் யாருமே கவனிக்கவில்லை என்று நாம் சொன்னால் அது எடுபடாது, ஏனென்றால் அவர்கள் மனதில் ஹவுஸ்ஃபுல்.

ஆகவே 'வெளியிடத்தில்' என்ற சொல்தான் இங்கே முக்கியம். பகலில் ரோட்டில் கையை உதறும் அதே பத்து வயதுப் பையன் இரவில் கரண்ட் போனால் நம் கையைத் தேடுவான். ஊசி போடும் நர்ஸைப் பார்த்ததும் நகம் பதியப் பிடிப்பான். பெரியவர்களுக்கே கை அப்படித்தான் வேலை செய்கிறது. ஜேம்ஸ் கோன் என்ற ஆய்வாளர் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், மணமான 16 பெண்களை மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, லேசான ஷாக் வரப்போகிறது என்று சொல்லிப் பார்த்தார்கள். கணவர் கையைப் பிடித்திருந்தபோது மூளையில் ஆபத்துக்குப் பதறுகிற பகுதிகள் குறைவாகவே பதறின. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்தபோதும் கொஞ்சம் குறைந்தது. காவலுக்குப் பிடிக்கும் கை ஒரு வயதில் முடிந்துவிடும், ஆறுதலுக்குப் பிடிக்கும் கைக்கு வயதெல்லாம் இல்லை.

கைபிடிப்பதும் நின்றுவிடுவதில்லை, ஆள் மாறுகிறது. அம்மாவின் கையை ஜெராக்ஸ் கடையில் விட்ட பையன் கேட்டுக்குள் நுழைந்ததும் நண்பனின் தோளில் கை போட்டுக்கொள்வான். பெண் பிள்ளைகள் தோழியின் கையைக் கோத்துக்கொண்டே ரெஸ்ட் ரூம் வரைக்கும் போவார்கள். நம் ஊரில் ஆம்பளைகள்கூட நண்பனின் விரலைப் பிடித்தபடி பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. அதனால் தொடுவதே கூச்சமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கூச்சம் அம்மா அப்பாவின் கையில் மட்டும்தான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நம்மிடம் ஒரு கோளாறு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பல வீடுகளில் மகள் கையை விடுவதற்கு முன்னால் அப்பா விட்டுவிடுகிறார். வயசுக்கு வந்த நாளிலிருந்து அப்பாவோடு ஒட்டி உட்காரக்கூடாது, கைகோத்து நடக்கக்கூடாது என்று யாராவது ஒரு அத்தை சொல்லிவிடுவார், அப்பாவும் என்ன ஏது என்று கேட்காமல் நான்கடி தள்ளி நடக்க ஆரம்பித்துவிடுவார். பிள்ளைக்கு யாரும் காரணம் சொல்வதில்லை. உடம்பு மாறுவதில் ஏற்கெனவே குழம்பிக்கிடக்கிற நேரத்தில், தான் ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றும். என்னைக் கேட்டால், இதில் முடிவு மகளுடையது. அவளுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம், அவள் தானாக வந்து கையைக் கோத்தால் அத்தை பார்த்தாலும் கோத்துக்கொண்டே நடக்கலாம். மகளுக்கும் அம்மாவுக்கும் இந்தப் பிரச்சினை குறைவு, கல்யாணமான பிறகும் தி.நகரில் கைகோத்துக்கொண்டு புடவை பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர்.

ஆறாம் வகுப்பு என்னும் சிக்கல்

நம் மாநிலத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி, பெரும்பாலும் பக்கத்து ஊர், நடுவில் ஒரு மெயின் ரோடு. கையில் இலவச பஸ் பாஸ். அதாவது பதினோரு வயதில், ஒரு ஜூன் மாதத்தில், பிள்ளை திடீரென்று தனி ஆளாக ரோட்டுக்கு வருகிறது. அதே பதினோரு வயதில்தான் வெட்கமும் உச்சத்துக்குப் போகிறது, கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் அவமானமாகப் பார்க்கும். அந்த வயதில் ரோட்டுக் கணக்கு இன்னும் முழுசாக வரவில்லை என்பதை மேலே பார்த்தோம். பிள்ளை தயாரா என்று யாரும் கேட்பதில்லை, பள்ளிக்கூடம் தேதியைக் குறித்துவிடுகிறது.

அதனால் பழக்கம் நான்காம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும், கையை விடுவது அல்ல, கையைப் பிடித்துக்கொண்டே முடிவைப் பிள்ளையிடம் கொடுப்பது. ரோட்டோரம் நின்று 'இப்போ போலாமா வேணாமா, நீ சொல்லு' என்று கேளுங்கள். அது 'போலாம்' என்று சொல்லும்போது எந்த வண்டியைப் பார்த்துச் சொன்னது, ராங் சைடில் வருகிறவனைப் பார்த்ததா என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் பிடித்திருக்கும் கை தடுத்துவிடும். நமக்கு வண்டி இடது ஓரமாகப் போகிற ஊர் என்பதால் முதலில் வலப்பக்கம் பார்க்க வேண்டும், அப்புறம் இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். கொஞ்ச நாள் போனதும் கையை விட்டுப் பக்கத்தில் மட்டும் நில்லுங்கள். பிறகு இரண்டடி பின்னால். கடைசியாக, அது தாண்டிப்போவதை இந்தப் பக்கத்திலிருந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். வாயைத் திறக்காமல் என்பதுதான் கஷ்டம்.

இடத்தையும் அப்படித்தான் படிப்படியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்குப் பாண்டி பஜார் நல்ல ஆரம்பம், 2019-இல் நடைபாதையை அகலமாக்கிய பிறகு அந்த நடைபாதைக்குள் ஏழு வயதுப் பிள்ளையைக் கையை விட்டு நடக்கவிடலாம், குறுக்குத் தெரு வரும் இடத்தில் மட்டும் பிடித்தால் போதும். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 2023-இல் திறந்த ஆகாய நடைமேம்பாலமும் அப்படித்தான், வண்டியே கிடையாது. ரங்கநாதன் தெருவில் வண்டிப் பயம் குறைவு, கூட்டப் பயம் அதிகம். சிக்னல் இருக்கிற ரோடு அடுத்த படி, சிக்னல் இல்லாத ரோடு கடைசிப் படி. எல்லா இடத்திலும் பிடி என்றால் எல்லா இடத்திலும் சண்டைதான் வரும். 'தாண்டும்போது மட்டும் கை, மத்த நேரம் உன் இஷ்டம்' என்று ஒரு எல்லை போட்டுக்கொண்டால் எட்டு வயதுப் பிள்ளைகூட ஒத்துக்கொள்ளும். கூடப்படிக்கிறவர்கள் பார்க்கிறார்கள் என்று கூசினால் கையைப் பிடிக்காமல் முழங்கையைப் பிடியுங்கள், தோளில் கை போடுங்கள், புத்தகப் பையின் மேல்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே பார்க்கிறவனுக்குப் பாப்பா மாதிரி தெரியாது, நம் பிடியும் விடாது. ஜெராக்ஸ் கடையில் கையை விட்டால் விடட்டும், அதற்கப்புறம் தாண்ட வேண்டிய ரோடு எதுவும் இல்லையே.

ஜப்பானில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஒரு குழுவாகக் கிளம்பி, பெரிய வகுப்புப் பிள்ளை முன்னால் போக, வரிசையாகப் பள்ளிக்கு நடப்பார்கள். ஒரே தெருவில் நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போனால் இங்கேயும் முறைவைத்துப் பெற்றோர் ஒருவர் கூடப் போகலாம், அம்மா கையைப் பிடிக்கிற வெட்கம் கூட்டத்தில் கரைந்துபோகும். ஆனால் எட்டு வயது அக்காவை நம்பி நான்கு வயதுத் தம்பியை ரோட்டுக்கு அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள். நம் ஊரில் ரொம்ப சகஜம், பார்க்கவும் அழகாக இருக்கும். அந்த அக்காவுக்கே வண்டியின் வேகம் பிடிபடாத வயது, தம்பி திமிறினால் இழுத்து நிறுத்தும் பலமும் கிடையாது.

வயதை வைத்துப் பேசுகிற இந்தக் கணக்கு எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலர் சத்தம் தாங்காமல் சட்டென்று ஓடிவிடுவார்கள். பார்வைக் குறைபாடு, காது கேளாமை உள்ளவர்களுக்கு வேறு விதமான பயிற்சி வேண்டும். பதினைந்து வயதுப் பையனை அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போவதைப் பார்த்தால் முறைத்துப் பார்க்காமல் நம் வேலையைப் பார்ப்பது நல்லது.

கூட்டத்துக்குச் சட்டம் தனி. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போதோ, தீபாவளிக்கு முந்தின வாரம் கடைத்தெருவிலோ, பன்னிரண்டு வயதானாலும் கையைப் பிடி என்று கறாராகச் சொல்லலாம், அங்கே யாரும் யாரையும் பார்க்கிற நிலைமையில் இல்லை. சின்னப் பிள்ளை என்றால் கைபிடியை மட்டும் நம்ப வேண்டாம். சபரிமலைக்குப் போகும் வழியில் பம்பையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கேரளப் போலீஸ் குழந்தைகளின் கையில் கட்டிவிடுகிறார்கள், அதை நாமே ஒரு துண்டு ரிப்பனிலும் பேனாவிலும் வீட்டிலேயே செய்துவிடலாம். கை விட்டுப்போனால் தேடி ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்கவும், போலீஸ்காரரிடமோ, கடையின் கல்லாவில் இருப்பவரிடமோ, கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு அம்மாவிடமோ சொல்லவும் பழக்குங்கள். காணாமல் போன பிள்ளையை வேறு யாராவது பார்த்தால் 1098-க்கு அடிக்கலாம், குழந்தைகளுக்கான உதவி எண் அது, காசு கிடையாது. நம் நம்பரைப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் ஐந்து வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பத்து இலக்கத்தையும் ஒப்பிப்பார்கள். சிம்மை மாற்றினால் பாட்டையும் மாற்றிவிடுங்கள்.